தீபாவளிக்கு மளிகைப் பையா, கையில் பணமா? சுங்கை சிப்புட் முன்னாள் மாணவர் நிதி பற்றி ஒரு விவாதம்

பழைய லயம் | சனி, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து ஒரு சிறு நிதி நடத்துகிறோம். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து, ஆட்கள் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) மலிவு விலை வீடுகளுக்கும் சிதறிப்போன பிறகும் இந்த நிதி மட்டும் விட்டுப்போகவில்லை. தீபாவளிக்கு முன்னால் வசதி குறைந்த குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுப்பது வழக்கம். இந்த வருடம் பை வேண்டாம், அதே தொகையைப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். பெரிய வாக்குவாதமாகிவிட்டது. அங்கே நிதானமாகப் பேச முடியவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் ஒரு அக்கா. ரப்பர்ப் பால் மரம் வெட்டிய காலத்திலிருந்து தெரிந்தவர். இப்போது இனிப்புநீர் வியாதி முற்றி, ஒரு கண் சரியாகத் தெரிவதில்லை. போன தீபாவளிக்கு அவருக்குப் போன பையில் பத்துக் கிலோ அரிசி, எண்ணெய், கோதுமை மாவு, சீனி, ஒரு டின் பிஸ்கட், ரோஸ் சிரப், இரண்டு டின் கெட்டிப்பால். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார், போட்டோவுக்கும் நின்றார். அடுத்த வாரம் அந்த சிரப்பும் கெட்டிப்பாலும் எங்கள் தாமான் மளிகைக் கடை அலமாரியில் இருந்தன. ஈப்போ ஆஸ்பத்திரியில் கண் பார்க்கத் தேதி கொடுத்திருந்தார்களாம். போக வண்டிக் காசு இல்லாமல் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்றார் கடைக்காரர். தனக்கு என்ன தேவை என்று அந்த அக்காவுக்குத் தெரியும். நாங்கள்தான் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

உலக அளவிலும் இதே வாதம் பல்லாண்டாக நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் போய் இறங்கிய பழைய துணிகள், எடுக்க ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கா வெளிநாடுகளுக்கு அனுப்பும் உணவு உதவியில் பெரும்பகுதி அமெரிக்காவிலேயே வாங்கியதாக இருக்க வேண்டும், அதில் குறைந்தது பாதியாவது அமெரிக்கக் கொடி கட்டிய கப்பலில் போக வேண்டும் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. செலவும் கூடுகிறது, போய்ச் சேர மாதக் கணக்கும் ஆகிறது. ஹைத்தியில் மலிவான அமெரிக்க அரிசி வந்து இறங்கியதால் உள்ளூர் நெல் விவசாயிகள் நொடித்தே போனார்கள். அந்தக் கொள்கைக்காக 2010-ல் பில் கிளின்டன் செனட் குழு முன் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

பணமாகக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? மனம்விட்டுச் சொல்லுங்கள்.

கங்காணி பேரன் | சனி, காலை 9.48

பணம் வேண்டாம் என்று குழுவில் சொன்னவர்களில் நானும் ஒருவன். காரணத்தை இங்கேயும் சொல்கிறேன்.

எங்கள் பெரியப்பா சம்சு குடித்தே செத்தார். சம்பள நாளன்று பெரியம்மா தோட்ட ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். கிராணி (தோட்ட ஆபீஸ் குமாஸ்தா) பெயர் கூப்பிட்டுக் கவரை நீட்டியதும் கணவர் கையிலிருந்து அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். ஒரு மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டார், போக முடியவில்லை. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில்தான் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இப்படி ஒரு வீடு இல்லை, லயத்துக்கு இரண்டு வீடு இருந்தது. அரிசி மூட்டையை யாரும் குடித்துவிட முடியாது அண்ணே.

இன்னொன்றும் இருக்கிறது. நிதிக்குக் காசு கொடுப்பவர்களும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்கள்தான். பையைக் கண்ணால் பார்த்தால் அவர்களுக்கு ஒரு திருப்தி. வங்கியில் போட்டுவிட்டோம் என்று சொன்னால் அடுத்த வருடம் கொடுப்பார்களா?

கணக்கு டீச்சர் | சனி, காலை 10.35

கங்காணி பேரன் அண்ணே, உங்கள் பெரியம்மா வாசலில் நின்றது எனக்கும் பழக்கமான காட்சி. ஆனால் அந்தக் கவர் நேராகப் பெரியம்மா கைக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காசைக் கொடுப்பதற்கு முன்னால், யார் பெயரில் கொடுக்கிறோம் என்பதை முடிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மதுவைப் பற்றிய பயம் உலகம் முழுவதும் இருந்தது, அதனால்தான் அதை நன்றாகவே ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்ற உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் 2014-ல் ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ரொக்கம் வாங்கிய குடும்பங்களில் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை. பல இடங்களில் குறைந்துமிருந்தது.

கென்யாவில் நடந்தது இன்னும் பெரியது. சியாயா மாவட்டத்தில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு 10,500-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்குச் சுமார் 1,000 அமெரிக்க டாலரைக் கைப்பேசி வழியே எந்த நிபந்தனையும் இல்லாமல் அனுப்பியது. சுற்றுவட்டாரத்தில் 653 கிராமங்களைப் பொருளியலாளர்கள் கூடவே கணக்கெடுத்தார்கள். 2022-ல் வெளிவந்த முடிவின்படி, உள்ளே போன ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் ஏறத்தாழ இரண்டரை டாலர் வளர்ந்தது. பணம் வாங்காத அண்டை வீட்டாருக்கும் வருமானம் கூடியது, ஏனென்றால் வாங்கியவர்கள் அவர்களுடைய கடையில்தான் செலவழித்தார்கள். விலைவாசி மிகச் சிறிதளவே ஏறியது. நாம் ஈப்போ மொத்தக் கடையில் சாமான் வாங்கிப் பையில் போடும்போது நம் தாமான் கடைக்காரருக்கு அந்த வியாபாரம் போய்விடுகிறது. அதையும் யோசிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதே கென்யாவில் சில கிராமங்களுக்கு மாதா மாதம் சிறு தொகை, 12 ஆண்டுகளுக்கு வரும் என்று உறுதி சொல்லிக் கொடுத்தார்கள். மாதாந்தரப் பணத்தை அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீட்டுப் போட்டார்கள். முறை வந்ததும் மொத்தமாக எடுத்து ஆடு வாங்கினார்கள், கூரை போட்டார்கள், கடை வைத்தார்கள். நம் அம்மாக்கள் செய்ததேதான். ஏழைக்குக் காசை ஆளத் தெரியாது என்று நினைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

சாலாக் ஓரம் | சனி, காலை 11.02

அரசாங்கமே இரண்டு விதமாகவும் கொடுக்கிறது. எஸ்டிஆர் என்ற உதவித்தொகை வங்கியில் ரொக்கமாக வருகிறது. சாரா என்ற உதவி மைகாட்டில், அதாவது அடையாள அட்டையில் வருகிறது, அடையாளம் போட்ட கடையில் அரிசி, முட்டை, சோப்பு மாதிரி அடிப்படைச் சாமான் மட்டும் வாங்கலாம். எங்கள் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடையில் அந்த வசதி இல்லை. டவுன் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். மோட்டார் இல்லாத பாட்டிமார் யாரையாவது கெஞ்சிக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். எஸ்டிஆர் வந்த அன்று யாரும் யாரையும் கெஞ்சுவதில்லை.

வெள்ளை கவுன் | சனி, மதியம் 1.20

நான் ஓய்வுபெற்ற தாதி. கோலாலம்பூர்ப் பக்கம் அகதிகளுக்கான கிளினிக் ஒன்றில் தொண்டு செய்கிறேன். பணம்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற பேச்சு ஓங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தைக்குக் கொடுக்கும் நிலக்கடலைச் சத்துப் பசை இருக்கிறதே, அதற்குப் பதிலாகத் தாயின் கையில் காசைக் கொடுத்தால் ஊர்ச் சந்தையில் அது கிடைக்காது. சந்தையே இல்லாத இடத்தில், சண்டை நடக்கும் இடத்தில், பொருள்தான் உயிர் காக்கும். தடுப்பூசியும் அப்படித்தான், எச்ஐவி மருந்தும் அப்படித்தான். 2025 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தது. மார்ச் மாதம் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட்டின் திட்டங்களில் 83 விழுக்காட்டை ரத்து செய்துவிட்டதாக அறிவித்தார்கள். 1961-ல் கென்னடி தொடங்கிய அந்த நிறுவனம் ஜூலை 1-ஆம் தேதியோடு இல்லாமலே போனது. துபாய்க் கிடங்கில் இருந்த ஏறத்தாழ 500 டன் சத்து பிஸ்கட், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்கு என்று வாங்கியது, அனுப்ப உத்தரவு தர ஆளில்லாமல் காலாவதியாகி எரிக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பை, பணம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே இரண்டுமே நின்றுபோனது.

வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமில் ரொஹிங்யா அகதிகளுக்கு உலக உணவுத் திட்டம் தலைக்கு மாதம் 12 டாலர் கொடுத்துவந்தது. நன்கொடை குறைந்ததால் 2023 மார்ச்சில் 10 ஆக்கினார்கள், ஜூனில் 8 ஆக்கினார்கள். அவர்கள் முகாமை விட்டு வேலைக்குப் போகச் சட்டப்படி அனுமதியில்லை. அந்த 8 டாலரைத் தவிர வேறு வழியே இல்லாத மனிதர்கள். பிறகு கூட்டினார்கள், 2025-ல் மறுபடி பாதியாகப் போகிறது என்று அறிவித்துக் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். ஒரு வயிற்றுக்கு இவ்வளவு என்பதை இன்னொரு நாட்டு பட்ஜெட் கூட்டம் முடிவு செய்வது பெரிய கொடுமை.

ஆகவே எங்கே எது என்று பார்த்துச் செய்யுங்கள். படுக்கையில் இருப்பவருக்குப் பெரியவர் டயப்பரும் பால்மாவும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் உதவி.

சிம்பாங் தம்பி | சனி, மதியம் 2.05

அக்கா, உங்கள் மனது புரிகிறது. ஆனால் கென்யா, வங்காளதேசம் என்று பேசுகிறோமே, நம் ஆட்கள் கணக்கிலேயே இல்லை என்பதை யாராவது பேச வேண்டும்.

2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மலேசியா வந்தார். நாட்டில் வறுமை 0.4 விழுக்காடுதான் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்று வறுமைக் கோடு போட்டால் அப்படித்தான் வரும், இந்தக் கணக்கு உண்மை நிலவரத்தைக் காட்டவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போனார். அமைச்சர்களுக்குக் கோபம் வந்தது. அடுத்த வருடம் ஜூலையில் அந்தக் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு ஏற்றினார்கள். ஒரே இரவில் 0.4 போய் 5.6 விழுக்காடு ஆனது, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். எங்கள் அப்பா சம்பளம் அதற்கு முந்தின நாளும் அதேதான், மறுநாளும் அதேதான்.

உள்ளூரில் ஏழை இருக்கும்போது ஆப்பிரிக்காவுக்கு எதற்கு என்று நான் கேட்டால் கெட்டவன் என்கிறார்கள். சொல்லுங்கள், எதற்கு?

கணக்கு டீச்சர் | சனி, மதியம் 2.40

தம்பி, யாரும் உன்னைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். கோடு எங்கே போடுவது என்ற சண்டை உலகத்துக்கும் இருக்கிறது. உலக வங்கி நாளுக்கு 2.15 டாலர் என்று வைத்திருந்ததை 2025 ஜூனில் 3 டாலர் ஆக்கியது. அந்தக் கணக்கில் உலகில் 80 கோடிப் பேர் கடும் வறுமையில் இருக்கிறார்கள். மலேசியா போன்ற மேல்நடுத்தர வருமான நாடுகளுக்கு 8.30 டாலர் என்று தனிக் கோடு இருக்கிறது. 3 டாலரை வைத்துப் பார்த்தால் நம் ஊரில் ஏழையே இல்லை என்று வரும், அது பொய். அதற்காக அந்த 3 டாலருக்குக் கீழே இருப்பவர் நம்மைவிடப் பல மடங்கு பசியில் இருக்கிறார் என்பதும் பொய்யாகாது.

பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் 0.7 விழுக்காடு உதவிக்குக் கொடுக்க வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான் அதைத் தொடர்ந்து காப்பாற்றின. பிரிட்டன் சட்டமே போட்டு 0.7 கொடுத்துவந்தது, 2021-ல் 0.5 ஆக்கியது, 2027-க்குள் 0.3 ஆக்கப்போகிறது. நம் முப்பாட்டன் வெட்டிய பாலில் லண்டனில் நிறுவனங்கள் வளர்ந்த கதை தெரிந்தவர்கள் நாம். ஆகவே பிரிட்டன் கொடுப்பதைத் தருமம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செக்ரோல் 47 | சனி, இரவு 8.15

வயதானவன், மெதுவாகத்தான் தட்டுகிறேன். தோட்டத் தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்தவன். எல்லாருடைய பதிலையும் படித்தேன். பையும் பணமும் ஒரு மாதத்துக்கு. நான் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

வறுமையை ஒழித்த நாடு என்று மலேசியாவை உலகமே எடுத்துக்காட்டுகிறது. பொய்யில்லை. 1970-ல் தீபகற்பத்தில் 49.3 விழுக்காடு குடும்பங்கள் வறுமையில் இருந்தன, அந்த நிலை மாறியது. எப்படி மாறியது? முக்கியமாக நிலத்தால். 1956-ல் பெல்டா என்ற அரசாங்க நில மேம்பாட்டு வாரியம் வந்தது. காட்டை அழித்து, நிலமில்லாதவனுக்குப் பத்து ஏக்கர் அளவில் தோட்டமும் ஒரு வீடும் கொடுத்துக் குடியேற்றினார்கள். பகாங்கில் ஜெங்கா முக்கோணத்துக்கு 1968-ல் உலக வங்கியே கடன் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படிக் காலூன்றின. பிள்ளைகள் படித்தார்கள், ஆசிரியர்களும் அதிகாரிகளும் ஆனார்கள். அதைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை. நல்ல திட்டம் என்றே சொல்கிறேன்.

அந்தத் திட்டத்தில் நம்மவர் மிகச் சிலரே இருந்தார்கள். நம்மிடம் இருந்தது தோட்டத்து வீடு. வேலை இருக்கிறவரை வீடு. அறுபது வயதில் வேலையிலிருந்து பெயர் வெட்டினால் வீட்டுச் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். பாட்டன், அப்பன், மகன் மூன்று தலைமுறை ஒரே லயத்தில் இருந்திருப்பார்கள், அந்தச் சுவரில் ஒரு செங்கல்கூட அவர்களுடையது இல்லை. தோட்டம் விற்றார்கள், வீட்டு மனையாக்கினார்கள், கோல்ஃப் திடலாக்கினார்கள், நாம் சாமான் மூட்டையோடு லாரி ஏறினோம். நம் வறுமை பசியால் வந்ததைவிட இந்த ஏற்பாட்டால் வந்ததே அதிகம்.

காகிதமும் இல்லை. 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, குடியுரிமை இல்லாதவன் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட குடியுரிமைக்கான நீலக் கார்டு எடுக்காமல், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்புக் கார்டோடு இருந்தார்கள். ஏறத்தாழ 60,000 பேர் கப்பலேறி இந்தியா போனார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா புள்ளைகளை இழுத்துக்கொண்டு போனபோது ஆட்டுக்கல்லை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார், திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி. எந்த நாட்டு உதவித் திட்டமும் அந்த 60,000 பேரைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் காலத்திலேயே இதைப் புரிந்துகொண்டவர் நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளியே தோட்டத்தை வாங்க வேண்டும் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து, பாலெடுக்கும் பெண்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள், அதன் பிறகு இன்னும் பல. வெளியிலிருந்து யாரும் கொடுத்த காசில்லை. நாள் சம்பளக்காரரின் காசு. நிலம் கையில் இருந்தால் அடுத்தவன் கோடு எங்கே போடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எனவே நான் கேட்பது: உங்கள் நிதியில் ஒரு பகுதியை வீட்டுக்கும் காகிதத்துக்கும் ஒதுக்குங்கள்.

அட்டன் பிள்ளை | சனி, இரவு 10.02

ஐயா எழுதியதை வாசித்து மனம் கனத்துப் போனது. நான் இலங்கை மலையகத்தைச் சேர்ந்தவன், கிள்ளானில் வேலை செய்கிறேன். உங்கள் கதையும் எங்கள் கதையும் ஒன்றேதான். 1948-ல் எங்களுடைய குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு லட்சக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். மிச்சமிருந்தவர்கள் லயன் அறையில் கிடந்தோம்.

வெளிநாட்டு உதவியால் நல்லது நடந்த இடமும் எனக்குத் தெரியும், சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு இந்திய அரசாங்கம் 50,000 வீடுகள் கட்டிக்கொடுக்கும் திட்டத்தில் 4,000 வீடுகள் தோட்டங்களுக்கு வந்தன. 2017-ல் மோடி நோர்வூட் வந்தபோது இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. பணத்தைக் குடும்பத்துக்கே தவணை தவணையாகக் கொடுத்தார்கள். அத்திவாரம் எழும்பினால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது. எங்கள் மாமி தானே நின்று மேசனை விரட்டி ஜன்னலை வைத்த இடம் மாற்றினார். அடுப்பங்கரைக்குக் காற்று வேண்டுமாம்! லயனில் எப்போதாவது யாராவது அவரிடம் ஜன்னல் எங்கே வேண்டும் என்று கேட்டிருப்பார்களா?

ஆனால் காணி உறுதி இன்னும் பல குடும்பங்களின் கைக்கு வந்து சேரவில்லை. வீடு இருக்கிறது, பத்திரம் இல்லை. வங்கிக்குப் போனால் கடன் தர மாட்டார்கள். ஐயா சொன்ன காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

வெள்ளை கவுன் | ஞாயிறு, காலை 7.30

செக்ரோல் ஐயாவுக்கும் அட்டன் தம்பிக்கும் நன்றி. அப்படியானால் இதையும் கேட்கிறேன், யாரும் கோபப்படாதீர்கள். மிச்சமிருக்கும் லயங்களில் இப்போது இருப்பவர்கள் வங்காளதேச, இந்தோனேசிய, நேபாளத் தொழிலாளர்கள். அவர்களில் யாராவது கை கால் உடைந்து படுத்தால் நம் நிதியில் இடம் உண்டா?

சிம்பாங் தம்பி | ஞாயிறு, காலை 8.11

இல்லை. நம்மவர் வாங்க வேண்டிய சம்பளம் ஏறாமல் போனதே மலிவாக ஆள் இறக்கியதால்தான். அவர்களுக்கு அவர்கள் தூதரகம் இருக்கிறது.

கங்காணி பேரன் | ஞாயிறு, காலை 9.25

தம்பி, என் பெயரைப் பார். என் தாத்தா சேலம் பக்கம் ஊர் ஊராகப் போய் ஆள் கூட்டிவந்தவர். முன்பணம் கொடுத்து, கடன் எழுதி, கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து விட்டவர். 1938-ல் இந்தியா தடை போடும்வரை அது நடந்தது. இன்று டாக்காவில் ஏஜெண்டுக்கு நிலத்தை விற்றுக் காசு கட்டிவிட்டு வருகிறவன் அதே கடனைத்தான் சுமந்துகொண்டு வருகிறான். சம்பளத்தை இறக்கியது அவன் இல்லை. அவனை இறக்கியவர்களும் குறைந்த கூலியில் இலாபம் பார்த்தவர்களும் வேறு.

ஒரு செய்தி சொல்கிறேன். 2020-ல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு இருக்கிறது என்று இரண்டு பெரிய மலேசியச் செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் துறைமுகத்திலேயே தடுத்தது. அதற்குப் பிறகுதான் ஒரு நிறுவனம், தொழிலாளர்கள் ஏஜெண்டிடம் கட்டிய கட்டணத்தைக் கணக்குப் பார்த்து அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. 2023-ல் அந்த நிறுவனத்தின் மீதிருந்த தடை நீங்கியது. அந்தத் தொழிலாளிகளுக்குத் தருமம் செய்ய யாரும் வரவில்லை, அவர்களுடைய காசே அவர்களிடம் திரும்பி வந்தது. எத்தனை மளிகைப் பை கொடுத்தால் அதற்கு ஈடாகும்?

நிதியில் அவர்களுக்கு விபத்து, ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் இடம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. வெளிநாட்டவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணம் எவ்வளவு அதிகம் என்று அக்காவுக்குத் தெரியும்.

சிம்பாங் தம்பி | ஞாயிறு, காலை 9.50

சம்பள விஷயத்தில் உங்களோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை அண்ணே. விபத்துச் செலவுக்கு என்றால் நான் தடுக்க மாட்டேன். அடிபட்டவனிடம் பாஸ்போர்ட் கேட்க முடியாது.

கணக்கு டீச்சர் | ஞாயிறு, காலை 11.15

ஒரு விஷயம் விட்டுப்போனது. 2015-ல் நோபல் வாங்கிய அங்கஸ் டீட்டன் வெளிநாட்டு உதவியைக் கடுமையாக விமர்சித்தவர். அரசாங்கத்துக்கு வரிப்பணம் மக்களிடமிருந்து வராமல் வெளியிலிருந்து வந்தால், மக்களுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் போய்விடும் என்பது அவர் வாதம். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது, எரிந்துபோன பிஸ்கட்டைப் பற்றி அக்கா எழுதியதைப் படித்த பிறகு இன்னும் குறைவாகப் படுகிறது. ஆனால் நம் நிதிக்கு அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. எஸ்டிஆர் கிடைக்க வேண்டியவர், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஓய்வூதியம் கிடைக்க வேண்டியவர், சமூக நல இலாகா உதவி கிடைக்க வேண்டியவர் இவர்களுக்கெல்லாம் நாம் பை கொடுத்துவிட்டு, அந்த மனுவைப் போடாமல் விட்டால் அரசாங்கத்தின் கடமையை நாமே மறைத்துவிடுகிறோம்.

பழைய லயம் | ஞாயிறு, மாலை 5.40

குழுவில் நேற்று இரவு பேசினோம். பணம் போகும், வீட்டுப் பெண்ணின் கணக்குக்கு. கணக்கு இல்லாதவர்களை பிஎஸ்என் வங்கிக்குக் கூட்டிப்போய்த் திறந்துகொடுக்க இருவர் ஒப்புக்கொண்டார்கள். வெள்ளை கவுன் அக்கா சொன்னபடி, படுக்கையில் இருப்பவர்களுக்குப் பொருளாகவே போகும், என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. இனிமேல் போட்டோ கிடையாது. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது, பரவாயில்லை. நன்கொடையாளர்களுக்கு நோட்டீஸ் பலகையில் கணக்கு ஒட்டுவோம், பெயர் இல்லாமல் தொகை மட்டும்.

செக்ரோல் ஐயாவின் யோசனைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டியலில் ஒரு குடும்பத்தில் பதினாறு வயதுப் பையனுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. தாயார் தோட்டத்து வீட்டிலேயே பெற்றார், பதியவில்லை, இப்போது அவர் உயிரோடு இல்லை. மைகாட் இல்லை, அதனால் பரீட்சை எழுதுவதே கேள்வியாக இருக்கிறது. இதற்கு எங்கே தொடங்குவது?

செக்ரோல் 47 | ஞாயிறு, மாலை 6.25

எனக்குப் பழகிய வேலை, நான் வருகிறேன். தாயாரின் அடையாள அட்டை நகல், மரணப் பத்திரம், திருமணப் பதிவு இருந்தால் அது, பையன் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தபோது எழுதிய பதிவேட்டு நகல், சின்ன வயதில் கிளினிக்கில் ஊசி போட்ட அட்டை, எது கிடைக்கிறதோ எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பிரசவம் பார்த்த கிழவியோ பக்கத்து வீட்டாரோ உயிரோடு இருந்தால் சாட்சிக்கு அவர்களும் வேண்டும், சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டியிருக்கும். பழைய தோட்ட ஆபீஸ் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) நகலை நான் தேடிப் பார்க்கிறேன், தாயார் அந்த வருடம் அங்கே வேலை செய்தார் என்பதற்கு அது உதவும். பதிவிலாகா ஒரே தடவையில் ஒத்துக்கொள்ளாது, திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிட வேண்டாம்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு ரயில் ஸ்டேஷன் எதிரில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் இருப்பேன். பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சிம்பாங் தம்பி | ஞாயிறு, மாலை 6.41

ஐயா, செவ்வாய் எனக்கு இரவு ஷிப்ட், காலையில் சும்மாதான் இருப்பேன். என் காரில் எல்லோரையும் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போகிறேன்.